மலைப்பாதைக்கு ஒரு மரச்சுவர்



திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பேச்சுக் காதில் விழ வேண்டுமென்றால் ஆரியசாலைக்குத்தான் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் நிறுவிய சாலைக் கம்போளத்தை ஒட்டிய பகுதி இது. அரிசி, பருப்பு, மிளகாய் விற்கும் மொத்தக் கடைகளும், கயிற்றுக் கடைகளும், இரும்புச் சாமான் கடைகளும், விதையும் உரமும் விற்கும் கடைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கடைக்காரர்களில் பலருடைய பாட்டனார் நாஞ்சில் நாட்டிலிருந்தோ நெல்லைச் சீமையிலிருந்தோ வந்தவர். நவராத்திரிதோறும் குமாரகோவிலிலிருந்து வேளிமலை முருகன் புறப்பட்டு, பத்மநாபபுரத்துச் சரஸ்வதியோடும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையோடும் இந்நகருக்கு எழுந்தருளுகிறார். அவர் தங்கும் இடம் ஆரியசாலை அம்மன் கோவில். 1956 நவம்பர் முதல் நாளன்று நடுவே ஓர் எல்லைக்கோடு விழுந்தது. முருகன் விருந்தாளியாக வருவது அதனால் நிற்கவில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது தெருவைப் பற்றியன்று, மண்ணைப் பற்றி. ஆரியசாலைக்கு அடுத்திருப்பது கிள்ளிப்பாலம். அதன் கீழ் ஓடுவது கிள்ளியாறு. கிழக்கே நெடுமங்காட்டு வட்டத்தில், பனவூர்ப் பக்கத்துக் குன்றுகளில் அது பிறந்து, நகரின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு, கரமனையாற்றில் போய்க் கலக்கிறது. மழைக்காலத்தில் அந்த ஆறு செங்குழம்பாக ஓடுவதைப் பாலத்தின் மீதிருந்து பார்த்திருக்கிறேன். அந்தச் செம்மை மேலே எங்கோ ஒரு குன்று இழந்த தோல். அங்கே ஒருவருடைய பாதையாகவும் வேலியோரமாகவும் இருந்தது இங்கே நமக்குச் சேறாக வந்து சேருகிறது. ஆகவே மலையின் மண்ணுக்கும் கடைத்தெருவுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு விடை சொல்ல நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

அந்த நெடுமங்காட்டு வட்டாரத்தில், ஒரு குன்றின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஒன்றைக் குறித்துச் சொல்ல விரும்புகிறேன். வைகறையில் ரப்பர்ப் பால் எடுப்பவர்கள் அதில் நடப்பார்கள். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடப்பார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் துலாவர்ஷத்தில், அதாவது நம் ஐப்பசி மழையில், பாதையின் வெளிப்புறம் 20 அடி நீளத்துக்குச் சரிந்து போயிற்று. எஞ்சியது ஓர் அடி அகலம். சிறு பிள்ளைகளைத் தாய்மார்கள் தார்ச்சாலை வழியாக இரண்டு மைல் சுற்றி அழைத்துப் போனார்கள். பெரிய பிள்ளைகள் அதற்கு இசையவில்லை. மேற்சரிவில் நீட்டிக்கொண்டிருந்த வேர்களைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓரடி விளிம்பிலேயே போய் வந்தார்கள். கீழே நாற்பது அடிப் பள்ளம். பாறையும் முள்ளும் நிறைந்தது.

பாதையைச் சீர்படுத்த முன்வந்தவர்கள் ஒரு கல்லூரியின் மாணவ மாணவியரும், அவர்களோடு பழக்கம் உள்ள ஆரியசாலைக் கடைப் பிள்ளைகள் சிலரும். மலைப்பாதை அமைப்பதைப் பற்றிய ஆங்கிலக் கையேடு ஒன்று அவர்களிடம் இருந்தது. அதன் சில பக்கங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவன் என்ற தகுதியில் நான் அகப்பட்டேன். கலைப் பட்டதாரியான எனக்குக் கடப்பாரை பிடிக்கத் தெரியாது. சொற்களைப் பிடிக்க மட்டும் தெரியும்.

முதலில் மண் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சரிவை வெட்டிப் பாதை அமைத்தால், வெட்டிய மண்ணை வெளிப்புறம் போட்டு அகலப்படுத்துகிறோம். உள்பாதி பழைய உறுதியான நிலம், வெளிப்பாதி புதிதாகக் கொட்டிய நிலம். கொட்டிய மண்ணுக்கு எப்போதும் கீழே போகவே விருப்பம். அதைத் தடுத்து நிறுத்தும் சுவரைப் பொறியியலார் தாங்குசுவர் என்பார்கள். தாங்குவது என்றால் மேலிருந்து வரும் பளுவைத் தாங்குவது என்றுதான் நமக்குத் தோன்றும். இந்தச் சுவரோ பக்கவாட்டில் வரும் தள்ளலைத் தாங்குவது. அந்தத் தள்ளலைக் கணக்கில் அடக்கியவர் கூலோம் என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியியலார். மின்சாரம் படித்தவர்கள் வேறொரு விதிக்காக அவர் பெயரை அறிவார்கள். அவர் இளமையில் எட்டாண்டுகள் மார்த்தினிக் தீவில், வெப்பமும் மழையும் மிகுந்த மலைநிலத்தில், கோட்டைச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். ஊர் திரும்பியபின் 1773-இல் பாரிசில் படித்த கட்டுரையில்தான் மண்ணின் தள்ளலைப் பற்றிய கணக்கு வெளிவந்தது. மழையில் நின்றவருக்கே மண்ணின் குணம் பிடிபட்டது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

அந்தக் கணக்கின் சாரம் இது. சாதாரண மண்ணை மூன்றடிக்குச் சற்று மேலாக, ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுவர் தாங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 300 கிலோ எடையளவு விசை வெளியே தள்ளும். உயரத்தை இரட்டித்து இரண்டு மீட்டராக்கினால் விசை இரட்டிக்காது. நான்கு மடங்காகி 1,200 கிலோவை எட்டும். ஆகவேதான் அனுபவம் இல்லாதவர்கள் கைவைக்கும் சுவர் இடுப்பளவுக்கு மேல் போகக்கூடாது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மண்ணுக்குள் தண்ணீர் தேங்கிச் சுவரின் உச்சிவரை நிறைந்துவிட்டால், அந்த ஒரு மீட்டர்ச் சுவரின் மீதே தண்ணீர் மட்டும் 500 கிலோ தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேலே தனி. இடிந்த சுவர்களைப் பார்த்து மண்ணை நோகிறோம். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர். தண்ணீருக்கு வழி விடாத சுவர், எந்தப் பொருளால் கட்டினாலும், நிற்பது ஐயம்.

அப்படியானால் எந்தப் பொருளால் கட்டுவது? பக்கத்தில் நல்ல கருங்கல் கிடைக்குமானால், சாந்தில்லாமல் அடுக்கிய கல்லுக்கு ஈடு வேறில்லை. இடுக்குகள் வழியே நீர் வடியும், தலைமுறைகள் நிற்கும். இங்கே கல் இல்லை. வெட்டியெடுத்தால் செம்புறைக்கல்தான் கிடைக்கும். சிமெண்டும் ஜல்லியும் போடலாம் என்றார்கள் சிலர். லாரி நிற்கும் இடத்திலிருந்து அந்த இடத்துக்கு முக்கால் மைல் ஏற்றம். ஒவ்வொரு சட்டியையும் தலைச்சுமையாகத்தான் கொண்டு போக வேண்டும். நிலத்தின் உரிமையாளரோ தம் தோட்டத்தில் காற்றில் விழுந்து கிடந்த அக்கேசியா மரங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மரங்கள் பாதைக்கு மேலேயே கிடந்தன. உருட்டினால் போதும். மரச்சுவர் என்பது இவ்வாறு அழகுக்காகவோ சிக்கனத்துக்காகவோ தேர்ந்ததன்று, இடம் தேர்ந்துகொடுத்தது. இது தனியார் நிலமும் பஞ்சாயத்துப் பாதையும் ஆனதால் அவர்கள் இசைவு போதுமானதாயிற்று. காப்புக் காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு விறகைக்கூட நகர்த்தலாகாது. தொண்டு செய்யும் உற்சாகத்தில் இதை மறக்கும் இளைஞர்கள் உண்டு, ஆதலால் சொல்லி வைக்கிறேன்.

மரம் மக்கிப் போகாதா என்று கேட்பீர்கள். மக்கும். ஆனால் மரம் எங்கே மக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முழுதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் மரம் எளிதில் அழிவதில்லை. முழுதும் காய்ந்த மரமும் அழிவதில்லை. ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் மண்ணோரத்தில்தான் காளானும் கறையானும் வேலையைத் தொடங்கும். பழங்காலத்தில் கிணறு வெட்டும்போது அடித்தளத்தில் நெல்லிக் கட்டையால் ஒரு வளையம் இட்டு, அதன்மேல் சுவர் எழுப்புவார்கள். நீருக்குள் கிடக்கும் நெல்லி அழுகாது, நீரையும் தெளிய வைக்கும் என்பது நம்பிக்கை. மலையாளத்தில் ஒருவருடைய பொறுமை எல்லை கடந்துவிட்டால், பொறுமையின் நெல்லிப்பலகையைக் கண்டுவிட்டேன் என்பார்கள். கிணறு வற்றி அடிப்பலகை தெரியும் நிலைக்கு வந்துவிட்டதாம். இங்கே வந்த புதிதில் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் இதைச் சொன்னபோது, பலகை எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

குட்டநாட்டுக்குப் போனவர்கள் இன்னும் பெரிய சான்றைக் கண்டிருப்பார்கள். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த காயல் படுகையில், தென்னங்கட்டைகளை வரிசையாக அடித்து, மூங்கிலால் பின்னி, இடையே மணலும் தழையும் காயலின் களிமண்ணும் இட்டு, வரப்பெழுப்பி, உள்ளிருந்த நீரை இறைத்து நெல் விளைவித்தார்கள். 1940-களில் உருவான சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்ற காயல் நிலங்கள் அப்படி எழுந்தவையே. நம் காவிரிக் கரையில் உடைப்பெடுத்தால் சவுக்குக் கட்டைகளை இரட்டை வரிசையாக அடித்து மணல் மூட்டைகளை அடுக்குவதில்லையா? அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெயர்தான் புதிது, வேலை பழையது.

இனிச் சுவர் எழுந்த விதம். ஜனவரி மாதத்தில் வேலை தொடங்கியது. துலாவர்ஷம் ஓய்ந்து, இடவப்பாதி மழைக்கு நாலைந்து மாதம் இருக்கும் காலம் அது. ஊர் ஆசாரி ஒருவர் கூலி வாங்க மறுத்து உடன் வந்தார். பிள்ளைகள் அவரை ஆசாரி மாமா என்றார்கள், அவர் அவர்களை மோனே, மோளே என்றார். கையேட்டை நான் படித்து முடிக்குமுன்பே, அதில் உள்ளதைக் கண்ணால் அளந்து சொல்லிவிடுவார். அவரை வைத்துக்கொண்டு நான் என் மொழிபெயர்ப்பைத் திருத்தினேன்.

முதல் இரண்டு நாளும் ஒரு கட்டையும் வைக்கவில்லை. அது இளைஞர்களுக்குப் பெரிய ஏமாற்றம். சரிந்த மண்ணையெல்லாம் அகற்றி, பழைய உறுதியான நிலம் தட்டுப்படும் வரை தோண்டி, அதில் ஒரு படி வெட்ட வேண்டும். அந்தப் படி மலையை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். இளகிய மண்ணின்மேல் வைத்த சுவர் மண்ணோடு சேர்ந்தே கீழே போகும். கடப்பாரை ஓரங்குலம் இறங்கி நின்றபோது எழுந்த ஓசையைக் கேட்டு ஆசாரி தலையசைத்தார். அதற்குமுன் ஐந்து முறை அவர் தலையசைக்கவில்லை.

மூன்றாம் நாள் கட்டைகளின் பட்டையை உரித்தார்கள். பட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூச்சிக்கு வீடாகும். மிகத் தடித்த கட்டை அடியில். அதை ரசமட்டம் பார்த்துப் படியில் பாதி புதைத்தார்கள். அதற்குமேல் வைக்கும் ஒவ்வொரு கட்டையும் கீழ்க்கட்டையைவிடச் சற்று மலைப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். அடிக்கு இரண்டு அங்குலம் உள்வாட்டம் என்பது கணக்கு. நேராக நிற்கும் சுவர் பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஆனால் முதல் மழையில் கொஞ்சம் வெளியே சாய்ந்தாலும் அதன் கதை முடிந்தது. மலைமேல் சாய்ந்து நிற்கும் சுவருக்கு மலையே துணை.

அடுத்தபடியாக வந்த வேலைதான் என்னைச் சோதித்தது. வெறுமனே கட்டைமேல் கட்டை அடுக்கினால் மண் தள்ளிவிடும். ஆகவே ஆறடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கட்டைகளை மலைக்குள்ளே நீட்டி வைத்து, அவற்றின் முனையைச் சுவர்க்கட்டையில் குடைந்த பள்ளத்தில் பொருத்தி, 12 அங்குல ஆணி அடித்து இறுக்க வேண்டும். மலைக்குள் புதைந்த பகுதியின்மேல் ஏறும் மண்ணின் எடையே அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். சுவரைத் தள்ளும் மண்ணைக் கொண்டே சுவரைப் பிடிக்கச் செய்யும் தந்திரம் இது. இந்தக் கட்டைக்கு ஆங்கிலக் கையேட்டில் இருந்த பெயர் டெட்மேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் செத்த மனிதன். தொண்டர்கள் அறுபது பேர் முன்னிலையில், இங்கே ஆறடிக்கு ஒரு செத்த மனிதனைப் புதைக்கவும் என்று நான் படித்திருந்தால் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆசாரியிடம் வேலையை விளக்கினேன். அவர் வலக்கையை மலைப்பக்கம் நீட்டி, விரல்களை மடக்கிக் காட்டி, “பிடிக்கணும் சாரே, அத்ரயே உள்ளு” என்றார். பிடிகட்டை என்று எழுதிக்கொண்டேன்.

சுவருக்குப் பின்னால் மண்ணை நேராகக் கொட்டலாகாது. முதலில் ஓரடி அகலத்துக்கு உடைகல்லும் சரளையும். அதற்கும் மண்ணுக்கும் இடையே தென்னை நார்க் கயிற்றுப் பாய், மண் துகள் கல்லிடுக்கை அடைக்காதிருக்க. அதற்குப் பின்னே மண், அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தென்னை நார்ப் பாய் இப்போது கேரளத்தில் புதிதன்று. வேலை உறுதித் திட்டத்தில் பெண்கள் தோட்டுக்கரைகளிலும் குளக்கரைகளிலும் விரித்து முளையடிப்பதைப் பல இடங்களில் காணலாம். பாய் சில ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் புல் வேர் பிடித்துவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. மேற்சரிவில் வெட்டிவேர் நட்டதும் அதற்காகத்தான். மலையாளத்தில் அதற்கு ராமச்சம் என்று பெயர். கடைப்பிள்ளைகளுக்கு இரண்டு பெயரும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்தது விசிறியில் அது மணக்கும் என்பது மட்டும்.

இவ்வளவுக்கும் ஆள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர் வந்தது நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாக. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. ஒரு மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 1933-இல், வேலையின்மை தலைவிரித்தாடிய காலத்தில், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்களைக் காடுகளுக்கு அனுப்பினார். 1942 வரை நடந்தது அந்தப் படை. அங்குள்ள தேசியப் பூங்காக்களில் மலைப்பாதைகளும் தாங்குசுவர்களும் அவர்கள் கையால் ஏராளமாக எழுந்தன. ஆனால் அவர்கள் கூலி பெற்றவர்கள். மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பிழைக்கப் போன ஊரிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பிப் பழகிய நமக்கு அந்த 25-ன் பொருள் விளங்கும்.

நம்மிடையே வழங்கிய முறைகள் வேறு. மதுரையில் வைகை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் என்று பாண்டியன் கட்டளையிட்டதும், ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவபெருமானே உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாக வந்ததும் எல்லாரும் அறிந்த கதை. அந்தக் கூலியாள் பாடினான், ஆடினான், உண்டான், உறங்கினான். மண் மட்டும் போடவில்லை. ஒவ்வொரு முகாமிலும் அவன் வாரிசு ஒருவன் உண்டு என்பதை இந்த வாரத்தில் கண்டுகொண்டேன். ஆனால் கிழவியின் பங்கு அடைபடாமல் இருந்தால் ஊர் முழுவதும் மூழ்கும் என்பதுதான் கதையின் நடுவில் கிடக்கும் கணக்கு. பிற்காலத்தில் ஆங்கிலேயர் இதை 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினார்கள். உடைப்பை அடைக்க வராதவனுக்குத் தண்டனை. குடிமராமத்து என்று மனமுவந்து செய்ததைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பது தனியே ஒரு பேச்சுக்குரிய பொருள்.

முதல் நாள் அறுபது பேர் வந்தார்கள். கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பதினெட்டே கருவிகள் இருந்தன. கருவியில்லாத கை ஊறு விளைவிக்கும். ஆகவே மற்றவர்களை வரிசையாக நிறுத்திக் கல்லைக் கைமாற்றச் செய்தார்கள். படம் எடுக்கும் வேலைக்கு ஆள் குறையவில்லை. மூன்றாம் நாள் நாற்பது பேர். ஐந்தாம் நாள், திமிசு போடும் நாள், இருபத்தாறு. திமிசுக்குப் புகழ் இல்லை. இடித்த இடமும் இடிக்காத இடமும் மேற்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். மழை வரும்போது மட்டும் வேறுபாடு தெரியும். அதைக் கடைசிவரை விடாமல் செய்தவர்களில் இரண்டு மாணவியரும் ஆரியசாலையில் அரிசி மூட்டை சுமந்து பழகிய ஒரு பிள்ளையும் இருந்தார்கள். அந்தப் பிள்ளை திமிசை உயர்த்தும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கினான். மூட்டைக்காரர்களுக்கே உரிய நிலை அது. பட்டப் படிப்பு மாணவர்கள் மாலையில் அவனிடம் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு மாணவர் என்னைக் கேட்டார்: “சார், இந்தச் சுவர் எத்தனை ஆண்டு நிற்கும்?” நான் ஆசாரியைப் பார்த்தேன். வைரம் உள்ள கட்டை ஏழெட்டு மழை காணும், வைரத்தைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதி மூன்று மழைக்கே தாங்காது என்றார் அவர். “அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? காங்கிரீட் போட்டால் ஒரேயடியாக முடிந்துவிடுமே” என்றார் மாணவர். நியாயமான கேள்விதான். ஒரேயடியாக முடிந்துவிட வேண்டும் என்ற ஆசைதான் எனக்குப் பிடிக்கவில்லை. காங்கிரீட்டுச் சுவரிலும் நீர் வடியும் துளை உண்டு. அதை ஆண்டுக்கொருமுறை குத்திவிட யாரும் வருவதில்லை. முடிந்துவிட்டது என்று எண்ணுவதால்தான் வருவதில்லை. ஒருநாள் அது மொத்தமாகச் சாய்கிறது. மரச்சுவரோ முதலிலேயே தன் ஆயுளைச் சொல்லிவிடுகிறது. வந்து பார், கெட்ட கட்டையை எடுத்துவிட்டு வேறு வை என்கிறது. பார்க்க ஆள் இல்லாத ஊரில் மரச்சுவர் கட்டக்கூடாது என்பதையும் இதோடு சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சுவருக்கு உள்ள வரம்பையும் மறைக்க விரும்பவில்லை. இது ஒரு பாதையின் விளிம்பைத் தாங்கும். ஒரு மலையைத் தாங்காது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயன்களின்மேல் மலை இறங்கியபோது 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நம் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்ற குடும்பத்தவர். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்ததையும் நேயர்கள் அறிவீர்கள். அத்தகைய இடங்களில் வேண்டியது வீட்டைத் தக்க இடத்தில் அமைப்பதும், மழையை அளந்து உரிய நேரத்தில் மக்களை வெளியேற்றுவதும். அங்கே போய் மரக்கட்டை அடுக்குவது தொண்டன்று. சரிவில் வில்போல் வளைந்த வெடிப்பு கண்டாலோ, மரங்கள் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, ஊற்று நீர் திடீரெனச் செம்மையானாலோ, கருவிகளை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று முகாமின் முதல் நாளே ஆசாரி சொல்லியிருந்தார். என் கையேட்டில் அது பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

ஏழாம் நாள் மாலையில் பாதை திறந்தது. மூன்றடி உயரம், 20 அடி நீளம். பாதைக்கு வெளிவாட்டம் கொடுத்து, மழைநீர் அதன்மேல் நீளவாட்டில் ஓடாமல் உடனே வெளியேறும்படி செய்திருந்தார்கள். யாரோ ஒருவர் பெயர்ப் பலகை வைக்கலாம் என்றார். பலகைக்கு வைத்திருந்த மரத்தை ஆசாரி முளைக்கட்டைக்கு அறுத்துவிட்டார். மறுநாள் காலை முதலில் நடந்தவர் பால் எடுக்கும் ஒரு முதியவர். நடுவில் நின்று, குதிகாலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ஜூன் மாதம் மழை தொடங்கியது. மாணவர்களின் மணிக்கணக்கு முடிந்திருந்தது, தேர்வும் முடிந்து பலர் ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்களைக் குறை கூறவில்லை. திட்டம் அப்படி அமைந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை அடைப்பு நாள், ஆரியசாலைப் பிள்ளைகள் மூவர் நெடுமங்காட்டுப் பேருந்தில் ஏறினார்கள். நானும் உடன் போனேன். சுவரின் ஒரு மூலையில் ரப்பர் இலைகள் அடைத்து, பாதையில் கணுக்கால் நீர் நின்றது. அங்கே இரண்டாம் கட்டை ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது. பிள்ளைகள் இலையை வாரினார்கள். நீர் ஓடி வடிந்தது. மழை நிற்கக் காத்திருந்து, சுவரடியில் கருங்கல் சில்லுகளை அடித்து இறுக்கினார்கள். அட்டைகள் எங்கள் கால்களில் விருந்துண்டன. வழியே குடையோடு வந்த ஒரு தாய், தம் இரண்டு பிள்ளைகளையும் முன்னே விட்டு, நின்று, எங்களை யார் என்று கேட்டார். ஆரியசாலை என்றான் மூட்டைக்காரப் பிள்ளை. தமிழ்நாடு என்றோ, தன் பாட்டனார் ஊரான வள்ளியூர் என்றோ அவன் சொல்லவில்லை. “நிங்ஙளாணோ ஆ ஆரியசாலக்கார்?” என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கட்டன்சாயா குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்தார்.

அதன்பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை, இடவப்பாதிக்கு முன்னும் துலாவர்ஷத்துக்கு முன்னும், யாராவது போய் வருகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளே இப்போது இலை வாரக் கற்றுக்கொண்டார்கள். மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. ஆசாரி சொன்னபடியே, வெளுத்த பகுதி மிகுந்திருந்த அந்த இரண்டாம் கட்டையில் கத்தி முனை இரண்டங்குலம் இறங்குகிறது. மற்றவை கெட்டியாக இருக்கின்றன. வரும் துலாவர்ஷத்துக்கு முன் அதை எடுத்துவிட்டு, நல்ல வைரமுள்ள ஒரு கட்டையைச் செருக வேண்டும். மேலே உள்ள கட்டைகளை முட்டுக் கொடுத்துத் தூக்க நாலு பேர் வேண்டும், மூவர் உறுதி சொல்லியிருக்கிறார்கள். கட்டையை ஆசாரி பார்த்து வைத்துவிட்டார். ஆணியும் கயிறும் ஆரியசாலையில் வாங்கியாகிவிட்டன.